பெயரற்ற கேள்வியும் ஆதாரமுள்ள பதிலும்

லண்டன் நகரப் புத்தக வணிகரான ஜான் டன்ட்டன் 1691ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் தொடங்கிய ‘ஏதீனியன் மெர்க்குரி’ என்னும் இதழ், வாசகர்கள் பெயரைக் குறிப்பிடாமல் எழுதி அனுப்பிய கேள்விகளையும் அவற்றுக்குரிய விடைகளையுமே தன் உள்ளடக்கமாகக் கொண்டிருந்தது. ஒரே தாளின் இருபுறமும் அச்சிடப்பட்டு, பெரும்பாலும் வாரத்துக்கு இருமுறை, ஒரு பென்னி விலைக்கு விற்கப்பட்ட அவ்விதழ், இடையில் சிறிது காலம் நின்றபோதிலும் 1697 வரை வெளிவந்து, ஆயிரக்கணக்கான ஐயங்களுக்கு விடை கூறியது. முன்பின் அறியாத மனிதர்கள் ஒருவருக்கொருவர் ஐயம் தீர்ப்பதும் கருத்துரைப்பதும் எப்போது நன்மை தருகின்றன, எப்போது வழிதவறச் செய்கின்றன என்பதை அறிய விரும்புவோர்க்கு அவ்விதழின் வரலாறு இன்றும் பயன்படுகிறது.

இத்தகைய முயற்சி அக்காலத்தில் கைகூடியதற்கு இரண்டு ஏற்பாடுகள் துணைநின்றன. முதலாவது காபிக்கடை. பாஸ்குவா ரோசே என்பவர் 1652ஆம் ஆண்டளவில் லண்டனின் முதல் காபிக்கடையைத் திறந்த பின்னர் விரைவாகப் பெருகிய அக்கடைகளில், வணிகரும் வழக்கறிஞரும் மாலுமியும் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்து, செய்தித்தாள்களைப் படித்து, உலக நடப்பை விவாதித்தனர். அந்தப் பேச்சுக்கு அஞ்சிய இரண்டாம் சார்லஸ் மன்னர் 1675ஆம் ஆண்டின் இறுதியில் காபிக்கடைகளை மூடுமாறு ஆணையிட்டு, எழுந்த எதிர்ப்பைக் கண்டு சில நாட்களிலேயே அதைத் திரும்பப் பெற்றார். இரண்டாவது, வில்லியம் டாக்வ்ரா 1680இல் லண்டனில் தொடங்கிய பென்னி அஞ்சல். அனுப்புபவரே ஒரு பென்னி செலுத்திவிட்டால் நகருக்குள் உரிய இடத்தில் கடிதத்தைச் சேர்ப்பிக்கும் இம்முறையால், எழுதியவர் யாரென்று தெரியாமலே ஒரு கேள்வி போய்ச் சேர முடிந்தது. வாசகர்கள் தங்கள் கடிதங்களைப் போல்ட்ரி என்னும் பகுதியிலிருந்த ஸ்மித் காபிக்கடைக்கு அனுப்ப, டன்ட்டனின் குழுவினர் அவற்றைப் பெற்று விடை எழுதினர்.

அக்கேள்விகளின் பரப்பு வியக்கத்தக்கது. நிலவில் தெரியும் கறைகள் எவ்வாறு தோன்றின, அணைந்த நெருப்பு எங்கே போகிறது, தெள்ளுப்பூச்சி கொட்டுகிறதா உறிஞ்சுகிறதா, குதிரையின் இலத்தி ஏன் சதுரமாக விழுகிறது என்பன போன்ற அன்றாட வியப்புகளும், பெண்கள் கல்வி கற்பது தகுமா என்பது போன்ற சமூக வினாக்களும், காதல், திருமணம் ஆகியவற்றில் சிக்கித் தவித்தோரின் மனக்கலக்கங்களும் அவ்விதழில் அடுத்தடுத்து இடம்பெற்றன. பெண்களும் கேள்வி அனுப்ப வேண்டும் என்று இதழ் வெளிப்படையாக அழைத்தது; காபிக்கடை விவாதங்களில் அவர்களுக்குப் பெரும்பாலும் இடமில்லாத காலத்தில், பெயரற்ற கடிதம் அவர்களுக்கு அந்த மேசையில் ஓர் இருக்கையைப் பெற்றுத் தந்தது. இத்தனை எளிய ஐயத்தைக் கேட்டால் அறியாமை வெளிப்படுமோ என்ற கூச்சமும், இத்தனை அந்தரங்கமான ஐயத்தைக் கேட்டால் மானம் போகுமோ என்ற அச்சமும் மறைபெயரால் ஒருங்கே நீங்கின. 1705இல் வெளியிட்ட தன்வரலாற்றில் டன்ட்டன், கேட்பவரை மறைத்துக்கொண்டே அவருடைய ஐயத்தைத் தீர்ப்பதுதான் தம் திட்டத்தின் உயிர்நாடி என்பதை விளக்கியிருக்கிறார்.

இக்கேள்விகளை இருவகையாகப் பகுத்துக் காண்பது இன்றியமையாதது. நெருப்பையும் தெள்ளுப்பூச்சியையும் பற்றிய கேள்விகள் விளக்கம் வேண்டுவன. கவனிப்பாலும் சோதனையாலும் அவற்றுக்கு விடை காண இயலும். லண்டனில் 1660இல் நிறுவப்பட்ட ராயல் சொசைட்டி என்னும் அறிவியல் கழகம் வலியுறுத்திய வழியும் அதுவே. காதலையும் கடமையையும் பற்றிய கேள்விகளோ தீர்ப்பு வேண்டுவன. பொதுவான அறநெறியைத் தனி மனிதரின் இக்கட்டான சூழ்நிலைக்குப் பொருத்திப் பார்த்து முடிவு கூறும் முறையை மேனாட்டார் கேசுயிஸ்ட்ரி என்றனர். அது நெடுங்காலம் சமயகுருமார்களின் பொறுப்பாக இருந்தது. கத்தோலிக்க மரபின் பாவசங்கீர்த்தனம் இங்கிலாந்தில் பெரும்பாலும் வழக்கொழிந்திருந்த நிலையில், அப்பொறுப்பின் ஒரு பகுதியை அச்சுத்தாள் ஏற்றுக்கொண்டது. விளக்கம் ஆதாரத்தால் நிற்பது. கருத்து காரணத்தால் நிற்பது. இரண்டையும் ஒரே குரலில், ஒரே உறுதியோடு வழங்கும்போது, கருத்தும் உண்மைபோலத் தோன்றிவிடுகிறது.

ஏதீனியன் மெர்க்குரியின் குறையும் அங்கேதான் இருந்தது. விடை கூறுவோர் பல துறை வல்லுநர்கள் நிறைந்த ‘ஏதீனியன் சொசைட்டி’ என்னும் கழகத்தினர் என்று வாசகர்கள் நம்பவைக்கப்பட்டனர். உண்மையில் அக்கழகம் டன்ட்டன், கணித ஆசிரியர் ரிச்சர்ட் சால்ட், டன்ட்டனின் உறவினரும் பாதிரியாருமான சாமுவேல் வெஸ்லி ஆகிய மூவரையும், அவ்வப்போது உதவிய தத்துவ அறிஞர் ஜான் நாரிஸையும் கொண்ட சிறு குழுவே. பின்னாளில் ஆங்கில இலக்கியத்தில் பெரும்புகழ் பெற்ற ஜோனதன் ஸ்விஃப்ட்டும் இளமையில் அக்கழகத்தைப் போற்றிப் பாடினார்; 1692இல் வெளியான அந்தப் பாடலே அச்சேறிய அவரது முதல் கவிதை. கேள்வியாளரின் பெயர் மறைந்திருந்தது அவரைக் காத்தது. விடையாளரின் பெயர் மறைந்திருந்ததோ இல்லாத புலமையை இருப்பதுபோலக் காட்டியது.

இக்குறையைக் களையும் வழி, ‘ஃபோக்லோர்’ என்னும் ஆங்கிலச் சொல்லை 1846இல் உருவாக்கிய வில்லியம் ஜான் தாம்ஸ், 1849ஆம் ஆண்டு நவம்பரில் லண்டனில் தொடங்கிய ‘நோட்ஸ் அண்ட் குவெரீஸ்’ இதழில் புலப்பட்டது. பழமொழியின் தோற்றம், ஊர்வழக்கின் பொருள், மறந்துபோன நூலின் ஆசிரியர் முதலியவை பற்றி ஒரு வாசகர் கேட்க, மற்றொரு வாசகர் விடை எழுதுவார். அவ்விடையில் பிழை கண்ட வேறொருவர் பின்வரும் இதழில் அதைத் திருத்துவார். எழுதியோரில் பலர் முதலெழுத்துகளையும் புனைபெயர்களையுமே இட்டனர்; ஆயினும் எந்த நூலின் எந்தப் பகுதியில் தாம் கண்டனர் என்பதைக் குறிப்பிடுவது அங்கு வழக்கமாயிற்று. ஆதாரம் கண்முன் இருந்தமையால், விடையாளரின் பெயர் தெரியாத நிலையிலும் விடையைச் சோதிக்க முடிந்தது. அவ்விதழ் இன்றும் வெளிவருகிறது.

தமிழ் இதழ்களின் கேள்வி-பதில் பகுதிகளும் இம்மரபோடு உறவுடையவை. ஜூனியர் விகடனில் சுஜாதா எழுதிய ‘ஏன்? எதற்கு? எப்படி?’ அன்றாட வியப்புகளுக்கு அறிவியல் விளக்கம் கேட்கும் துணிவைப் பொது வாசகர்களுக்கு அளித்தது. இன்று இணையத்தின் வழியே எவரும் கேட்கலாம், எவரும் விடை கூறலாம் என்றாகிவிட்ட நிலையில், மூன்று நூற்றாண்டு அனுபவம் காட்டும் வேறுபாட்டைப் பேணுவது ஒவ்வொரு வாசகரின் கடமையாகிறது. கேட்பவரிடம் அடையாளம் கேட்டு வற்புறுத்தினால், மிகவும் தேவையுள்ளவர்களே முதலில் மௌனமாகிவிடுவர். விடை கூறுபவரிடம் ஆதாரம் கேட்காமல் விட்டால், மிகவும் உறுதியாகப் பேசுபவரே அறிஞராக ஏற்கப்பட்டுவிடுவார். ஆகவே விடை எழுதுவோர், தாம் அறிந்ததை எங்கிருந்து அறிந்தனர் என்று கூறுவதும், தம் கருத்தைக் கருத்தென்றே அடையாளப்படுத்துவதும், பிழையைச் சுட்டிக்காட்டுபவருக்கு இடமளிப்பதும், முகம் தெரியாத அந்த மனிதருக்குச் செலுத்த வேண்டிய மரியாதையின் குறைந்தபட்ச அளவாகும்.