சர்ச் என்றால் யார்? தடைக்குள்ளான பேராசிரியரும், அவர் தன்னையே திருத்திக்கொண்ட கதையும்

தமிழகத்தின் கத்தோலிக்கக் கிராமங்களில் வளர்ந்தவர்களுக்கு உபதேசியாரைத் தெரிந்திருக்கும். பாதிரியார் வராத நாட்களில் ஜெபம் நடத்துவார், பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுப்பார், சாகக் கிடப்பவரின் தலைமாட்டில் நின்று ஜெபிப்பார். ஆனால் அவர் குரு இல்லை. பெண்டாட்டி பிள்ளைகளோடு வாழ்கிற ஆள். அப்போ அவர் செய்வது திருச்சபையின் பணியா, இல்ல பாதிரியாருக்குச் செய்யும் ஒத்தாசையா?

சின்னக் கேள்வி மாதிரிதான் தெரியும். ஆனால் இதோடு வாழ்நாளெல்லாம் மல்லுக்கட்டியவர் ஒருவர் உண்டு: பிரான்ஸைச் சேர்ந்த இறையியல் பேராசிரியர் இவ் கொங்கார் (1904–1995).

யார் இவர்?

டொமினிக்கன் சபைத் துறவி. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர்களிடம் ஐந்து ஆண்டுகள் போர்க் கைதியாக இருந்தவர். குருத்துவம் பெறாத சாதாரண விசுவாசிகளை, அதாவது 'பொதுநிலையினரை'ப் பற்றி 1953-ல் ஒரு பெரிய நூல் எழுதினார். அன்றைய இறையியல் பாடங்களில் சர்ச் என்றால் பெரும்பாலும் போப், ஆயர்கள், பாதிரியார்கள்தான். மற்றவர்கள் கேட்கணும், கீழ்ப்படியணும், காணிக்கை போடணும். அவ்வளவுதான். இல்லை, ஞானஸ்நானம் பெற்ற ஒவ்வொருவருக்கும் கிறிஸ்துவின் பணியில் பங்கு உண்டு என்றார் கொங்கார்.

அடுத்த ஆண்டே அவர் பாடம் நடத்தத் தடை வந்தது. இந்த நூல் மட்டும் காரணமில்லை. திருச்சபைச் சீர்திருத்தம் பற்றி 1950-ல் எழுதிய நூலும், தொழிற்சாலைகளில் கூலிக்கு உழைத்த பாதிரியார்களை அவர் ஆதரித்ததும் ரோமைக் கோபப்படுத்தியிருந்தன. ஜெருசலேம், ரோம், கேம்பிரிட்ஜ் என்று அலைக்கழிக்கப்பட்டார்.

காட்சி மாறியது 1960-ல். அவரையே போப் 23-ம் யோவான் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் தயாரிப்புப் பணிக்கு அழைத்தார். 1964-ல் சங்கம் வெளியிட்ட திருச்சபை பற்றிய ஆவணத்தில் 'இறைமக்கள்' அத்தியாயம் இரண்டாவதாக வருகிறது. ஆயர்கள், குருக்கள் பற்றியது அதற்கு அடுத்துதான். வெறும் வரிசை மாற்றம்தானே என்று தோன்றலாம். ஆனால் விஷயமே அந்த வரிசையில்தான் இருக்கிறது.

'நான் தொடங்கிய இடம் சரியில்லை'

எனக்கு இவரைப் பிடித்துப்போனது இதற்குப் பிறகு செய்த காரியத்தால். 1970-களின் தொடக்கத்தில் தன் புகழ்பெற்ற நூலின் அடிப்படையையே அவர் விமர்சித்தார். குருவை நடுவில் வைத்துவிட்டு, 'குரு அல்லாதவர் என்ன செய்யலாம்' என்று கேட்டால் பொதுநிலையினர் எப்போதும் மிச்சம் மீதிதான். சமூகத்திலிருந்து தொடங்கு, அதற்குள் பல பணிகள் இருக்கின்றன, குருவின் பணியும் அவற்றில் ஒன்று என்பது அவருடைய புதிய கணக்கு.

இந்தப் பார்வைப்படி உபதேசியார் யாருக்கும் அசிஸ்டென்ட் இல்லை.

மாறியதும் மாறாததும்

1972-ல் வாசகர், பீடத்துணைவர் பணிகள் பொதுநிலையினருக்குத் திறந்தன, ஆண்களுக்கு மட்டும். பெண்கள் 2021 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதே ஆண்டு உபதேசியார் பணியையும் முறையான திருப்பணியாக போப் பிரான்சிஸ் நிறுவினார். 2023 அக்டோபரில் ரோமில் நடந்த ஆயர் மாமன்றத்தில் பெண்கள் உட்படப் பொதுநிலையினர் முதன்முறையாக வாக்களித்தார்கள்.

ஆனால் அதிகாரம் என்று வரும்போது கதை வேறு. 1983-ம் ஆண்டுத் திருச்சபைச் சட்டப்படி ஆளுகையில் பொதுநிலையினர் 'ஒத்துழைக்கலாம்'. உங்கள் ஊர்ப் பங்குப் பேரவையையே எடுத்துக்கொள்ளுங்கள். டாக்டர், ஆடிட்டர், தலைமையாசிரியர் என்று யார் உட்கார்ந்து விவாதித்தாலும், அதற்கு இருப்பது ஆலோசனை சொல்லும் உரிமை மட்டுமே. முடிவு பங்குத்தந்தையுடையது.