எல்லையற்ற பணயம்

ஒலுவில் துறைமுகத்திலிருந்து ஆழ்கடலுக்குப் புறப்படும் படகு ஒவ்வொன்றும் ஒரு பணயத்தைச் சுமந்துகொண்டே செல்கின்றது. எண்ணெய்க்கும் ஐஸுக்கும் வலைக்கும் ஆட்களின் உணவுக்குமாக முதலாளி முன்கூட்டியே செலவிட்ட பணமே அப்பணயம். மீன் படுமா, படாதா என்பது கரையில் நிற்போர் எவருக்கும் தெரியாது. 2013ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் திறக்கப்பட்ட அத்துறைமுகத்தின் வாயில் மணலால் தூர்ந்து, படகுகள் வெளியேற வழியின்றிக் கிடந்த காலங்களும் உண்டு. ஆகவே துணிந்து முதலிடுதல், காலம் பார்த்திருத்தல், நட்டத்தைத் தாங்குதல் ஆகிய மூன்றும் அக்கரையோர மக்களுக்குப் புதியன அல்ல.

இம்மூன்றையுமே தன் இலக்கணமாகச் சொல்லிக்கொள்ளும் சீட்டாட்டம் ஒன்று உலகில் உண்டு. போக்கர் என்பது அதன் பெயர். அதன் வகைகளுள் எல்லையற்ற ‘ஹோல்டெம்’ என்பதே இன்று பெரிதும் ஆடப்படுவது. கைத்தொலைபேசி வழியாக அது இளைஞரைத் தேடி வருகின்றது. அறிவினால் வெல்லும் ஆட்டம் என்றே அது தன்னை அறிமுகஞ் செய்துகொள்கின்றது. அக்கூற்று எவ்வளவுக்கு உண்மை? பெரும் போட்டி ஒன்றின் ஒரு நாள் ஆட்டத்தை உற்று நோக்கினால் இதற்கு விடை கிடைக்கும்.

இலங்கையில் பலரும் அறிந்த ‘முந்நூற்று நான்கு’ ஆட்டத்திலிருந்து தொடங்குவது விளக்கத்துக்கு எளிதாகும். அதிலே முதல் நான்கு சீட்டுகளை மட்டும் பார்த்துவிட்டு, மீதி நான்கும் எப்படி வருமென்று அறியாமலே துருப்புக் கேட்கவேண்டும். போக்கரும் அவ்வாறே பாதி தெரிந்தும் பாதி தெரியாமலும் ஆடும் ஆட்டமாகும். ஆடுபவர் ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டுகள் மறைவாகக் கொடுக்கப்படும். பின்பு மேசையின் நடுவே மூன்று சீட்டுகள் எல்லோருக்கும் பொதுவாகத் திறந்து வைக்கப்படும். அதன்பின் ஒன்று, இறுதியில் இன்னொன்று. இந்த ஏழு சீட்டுகளுள் சிறந்த ஐந்தைக் கொண்டவர் வெல்வார். ஒவ்வொரு கட்டத்திலும் பணயம் வைக்கலாம், கூட்டலாம், அல்லது சீட்டைக் கீழே போட்டு விலகலாம். மற்றெல்லோரும் விலகிவிட்டால், கையில் ஒன்றுமே இல்லாதவரும் வெல்லக்கூடும். பொய்த் துணிவுக்கு இடம் கிடைப்பது இவ்விடத்திலேதான்.

எனினும் இரண்டுக்கும் பெரியதொரு வேற்றுமை உண்டு. முந்நூற்று நான்கிலே கேட்கும் தொகைக்கு ஓர் உச்சி இருக்கின்றது. 32 சீட்டுகளின் மொத்த மதிப்பே அந்த உச்சி. எல்லையற்ற ஹோல்டெத்தில் அத்தகைய வரம்பு இல்லை. தம்முன் உள்ள வில்லைகள் அனைத்தையும் ஆடுபவர் எந்தக் கணத்திலும் ஒரே முறையில் முன்னே தள்ளிவிடலாம். ஐந்து நாள் பொறுமையாகச் சேர்த்தது ஐந்து நிமிடத்திற் போய்விடலாம்.

இவ்வாட்டத்தின் தலைமைப் போட்டி அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரிலே நடைபெறுவது. 1970இல் பென்னி பினியன் என்னும் சூதாட்ட விடுதி உரிமையாளர் சில ஆட்டக்காரரைத் தம் விடுதியிற் கூட்டினார். அவ்வாண்டு வென்றவர் வாக்கெடுப்பினாலேயே தெரிவு செய்யப்பட்டார். அடுத்த ஆண்டு முதல், வில்லைகளை இழந்தவர் வெளியேற, எஞ்சி நிற்பவரே வெற்றியாளர் என்னும் முறை வந்தது. 1972இல் நுழைவுக் கட்டணம் 10,000 டொலராயிற்று. இன்றும் அதுவே கட்டணம். 2003இல் கிறிஸ் மணிமேக்கர் என்னும் கணக்காளர் ஒருவர், இணையத்தில் சிறு தொகை கட்டி ஆடிய தகுதிச் சுற்றின் மூலம் நுழைந்து, 839 பேரையுடைய போட்டியில் 25 இலட்சம் டொலர் வென்றார். அச்செய்தி உலகெங்கும் பரவியது. மூன்றே ஆண்டுகளில், 2006இல், போட்டியிட்டோர் தொகை 8,773 ஆக உயர்ந்தது. 2023இல் அது 10,043 ஆயிற்று.

போட்டியின் ஒரு நாள் நண்பகலை ஒட்டித் தொடங்கி நள்ளிரவை ஒட்டி முடிகின்றது. பெரிய மண்டபத்தில் நூற்றுக்கணக்கான மேசைகள். மேசைக்கு ஒன்பது பேர்வரை அமர்வர். யார் எங்கே அமர்வதென்பது குலுக்கலால் முடிவாகும். 10,000 டொலர் கட்டியவருக்கு 60,000 என்று எண் மதிப்பிட்ட வில்லைகள் தரப்படும். அவற்றைப் பணமாக மாற்ற முடியாது. அவை போட்டியில் நிலைத்திருப்பதற்கான ஆயுள் மட்டுமே.

அந்த ஆயுளைக் கடிகாரம் தின்றுகொண்டிருக்கும். ஒவ்வொரு கையிலும் இருவர் சீட்டைப் பார்க்குமுன்பே கட்டாயப் பணயம் வைக்கவேண்டும். முதல் மட்டத்தில் அது 100, 200 என்னும் சிறு தொகை. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை மட்டம் ஏறும். நாளொன்றுக்கு ஏறக்குறைய ஐந்து மட்டங்கள். தொடக்கத்தில் 60,000 வில்லை என்பது பெரிய கட்டாயப் பணயத்தின் 300 மடங்கு. அப்பணயம் 20,000 ஆக உயரும் நாளில் அதே 60,000 மூன்றே மடங்கு. ஆகவே ஒன்றும் செய்யாமற் காத்திருப்பவரும் தேய்ந்து மறைவர். காத்திருத்தலுக்கே வாடகை கட்டவேண்டிய ஆட்டம் இது.

நல்ல சீட்டு எத்தனை முறை வரும்? 52 சீட்டுகளிலிருந்து இரண்டை எடுக்கும் வழிகள் 1,326. அவற்றுள் மிக உயர்ந்ததான இரண்டு ‘ஆஸ்’ சேரும் வழிகள் ஆறே. அதாவது 221 கைகளுக்கு ஒருமுறை. மணித்தியாலத்துக்கு 25 முதல் 30 கைகளே ஆட முடியுமாதலால், நாள் முழுதும் அமர்ந்திருப்பவர் அக்கையை ஓரிரு முறைக்குமேல் எதிர்பார்த்தல் கூடாது. மீதி நேரமெல்லாம் நடுத்தரச் சீட்டுகளோடும் எதிரியின் முகத்தோடும் கழிவது. எதிரி எந்தக் கட்டத்தில் எவ்வளவு வைத்தார், முன்பு அவ்வாறு வைத்தபோது காட்டிய சீட்டு எது, இப்போது தயங்குவது அச்சத்தினாலா நடிப்பினாலா என்றெல்லாம் நினைவிற் கொள்பவரே தேர்ந்த ஆட்டக்காரர். இவ்வளவில் அறிவின் பங்கு மெய்யானது, அதை மறுப்பதற்கில்லை.

ஆனால் அறிவு முடியும் இடம் ஒன்று உண்டு. ஒருவர் மிகச் சரியாகக் கணித்து, எதிரியைவிட உயர்ந்த சோடியோடு, நூற்றுக்கு 80 வாய்ப்புத் தம் பக்கம் இருக்கும்போது முழுவதையும் பணயம் வைக்கிறார் என்று கொள்வோம். இதிற் பிழை ஏதுமில்லை. ஆயினும் போட்டியில் நிலைத்திருக்க இத்தகைய சோதனையை அவர் ஐந்து முறை கடக்க வேண்டியிருந்தால், ஐந்திலும் தப்புவதற்குள்ள வாய்ப்பு நூற்றுக்கு 33க்கும் குறைவே. பிழையின்றி ஆடிய மூவருள் இருவர் வீடு திரும்புவர். ஆயிரக்கணக்கான கைகளில் திறமை தன்னைக் காட்டும். ஒரு நாளில், ஒரு கையில், திருப்பப்படும் ஒரு சீட்டே தீர்ப்பளிக்கும்.

பரிசு பெறும் எல்லையை அணுகும்போது மண்டபத்தின் இயல்பே மாறிவிடும். 2023இல் 1,507 பேருக்குப் பரிசு. கடைசிப் பரிசு 15,000 டொலர். 1,508ஆவதாக வெளியேறுபவருக்குப் பரிசுப் பணம் இல்லை. அந்நேரத்தில் எல்லா மேசைகளும் ஒரு கையை முடித்த பின்னரே அடுத்த கை தொடங்கும். வில்லை குறைந்தவர் நல்ல சீட்டையும் கீழே போடுவர். வில்லை நிறைந்தவர் அவ்வச்சத்தையே ஆயுதமாக்கி ஓயாமற் பணயத்தைக் கூட்டுவர். நள்ளிரவில் ஆட்டம் நின்றதும் எஞ்சியோர் தம் வில்லைகளை எண்ணி, ஒளி ஊடுருவும் பையில் இட்டு, தொகையையும் பெயரையும் எழுதி முத்திரையிட்டுக் கொடுத்துவிட்டுச் செல்வர். மறுநாள் அந்தப் பையே அவர்களின் ஆசனம்.

இத்தனையையும் கடந்தவருக்கும் உறுதியில்லை என்பதற்கு இலங்கை வம்சாவளியினர் ஒருவரின் கதையே சான்று. உபேஷ்க டி சில்வா என்பவர் இத்தொடரின் வெவ்வேறு போட்டிகளில் மூன்று முறை வென்றவர். 2020ஆம் ஆண்டு, பெருந்தொற்றுக் காலத்தில், தலைமைப் போட்டி இணைய வழியே நடந்தது. அமெரிக்கப் பிரிவில் 705 பேர் கலந்துகொண்டனர். அவர்களுள் எஞ்சிய ஒன்பதின்மரில் அவரும் ஒருவர். இறுதி மேசை மட்டும் டிசெம்பர் 28ஆம் நாள் லாஸ் வேகாசில் நேரில் நடைபெற ஏற்பாடாயிற்று. முன்னதாக நடந்த பரிசோதனையில் அவருக்குக் கொரோனாத் தொற்று இருப்பது தெரியவந்தது. விதிப்படி அவர் நீக்கப்பட்டார். ஒரு சீட்டைத் தொடுமுன்பே ஒன்பதாம் இடத்துக்குரிய 98,813 டொலரோடு அவர் போட்டி முடிந்தது. அம்மேசையில் வென்றவருக்குக் கிடைத்தது 15 இலட்சம் டொலருக்கு மேல்.

இனிப் பணத்தின் கணக்கு. 2023இல் 10,043 பேர் கட்டிய கட்டணம் ஏறக்குறைய 10 கோடி டொலர். பரிசாகத் திரும்பியது 9 கோடியே 33 இலட்சத்து 99 ஆயிரத்து 900. ஒவ்வொருவர் கட்டிய 10,000இலும் 700 டொலர் முதற் சீட்டுக் கொடுக்கப்படுமுன்பே கழிந்துவிட்டது. முதற்பரிசு பெற்றவர் 1 கோடியே 21 இலட்சம் எடுத்தார். நூற்றுக்கு 85 பேர் கட்டியதை முற்றாக இழந்தனர். வென்றவரின் படம் உலகமெங்கும் சென்றது. இழந்த எண்ணாயிரத்துச் சொச்சம் பேரின் படம் எங்கும் செல்லவில்லை. விளம்பரத்தின் வலிமை இவ்விடத்திலேயே இருக்கின்றது.

நீதிமன்றங்களும் இவ்வினாவோடு போராடியுள்ளன. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் போக்கரையும் ரம்மியையும் திறமையின் ஆட்டங்களெனக் கொண்டு, தமிழ்நாட்டுத் தடைச் சட்டம் அவற்றைக் கட்டுப்படுத்தாது என்றது. ஆனால் 2025 ஆகஸ்டில் இந்தியப் பாராளுமன்றம் இயற்றிய சட்டம், திறமையா அதிர்ஷ்டமா என்று பாராமல், பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்கள் அனைத்தையும் தடை செய்தது. பழைய அறநூல்களோ இவ்வழக்கை என்றோ தீர்த்துவிட்டன. சூதை மதுவோடு சேர்த்து விலக்கியது திருக்குர்ஆன். சூதுக்கென ஓர் அதிகாரமே வகுத்தது திருக்குறள். அவை ஆராய்ந்தது ஆட்டக்காரரின் திறமையை அன்று. ஆட்டம் முடிந்தபின் வீட்டில் எஞ்சுவதையே.

கடலுக்குப் போகும் படகு வெறுமையாகவும் திரும்பலாம். ஆனால் அது மீனோடு திரும்பும் நாளில் முன்பு இல்லாத ஒரு பொருள் கரைக்கு வருகின்றது. முதலாளிக்குப் பங்கு, வலை இழுத்தவருக்குப் பங்கு, விற்பவருக்குக் கூலி, உண்பவருக்கு உணவு. ஒருவர் பெற்றதனால் மற்றவர் இழந்தாரில்லை. போக்கர் மேசையிலோ எத்தனை நாள் ஆடினும் புதிதாக விளைவது யாதுமில்லை. ஒருவர் கையில் சேருவதெல்லாம் மற்றவர் கையிலிருந்து போனதே. அதிலும் ஒரு பகுதி மேசைக்கு உரியவருக்கே. ஒலுவிலின் இளைஞர் கையில் உள்ள சிறு திரையில் அந்த மேசை விரிக்கப்படும்போது, துணிவும் பொறுமையும் தம் தந்தையரிடமே உள்ளன என்பதையும், அவற்றை முதலிடத்தக்க இடம் எது என்பதையும் அவர் எண்ணிப் பார்த்தல் நன்று.