செம்பனைத் தோட்டத்துக்கு ஒரு மலிவான கண்

1917இல் ஹென்ரி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர் கோலா சிலாங்கூர் வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்தில் செம்பனை நட்டார். மலேசியாவில் வணிகத்துக்காக அந்த மரம் பயிரானது அங்கேதான் முதலில். இன்று அதன் பெரும் எதிரி கேனோடெர்மா என்ற பூஞ்சை. அடித்தண்டை உள்ளேயிருந்து அழுகச் செய்யும். குருத்து விரியாமல் நிற்பது கண்ணில் படும்போது தண்டில் பாதி போயிருக்கும்.

ஓலை அதற்கு முன்பே தகவல் சொல்கிறது, நமக்குத் தெரியாத ஒளியில். பச்சையம் சிவப்பொளியை விழுங்கும். 700 நானோமீட்டரைத் தாண்டிய அண்மை அகச்சிவப்பை இலையின் உள்திசு திருப்பி அனுப்பும். மரம் நலிந்தால் இந்த அளவு மாறும். செர்டாங்கின் புத்ரா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இவ்வழியில் கேனோடெர்மாவைத் தேடியிருக்கிறார்கள்.

இந்த ஒளியைக் காண ஓர் உணரி வேண்டும். சிலிக்கானும் 1100 நானோமீட்டர்வரை உணரும். ஆனால் 1000 நானோமீட்டர் ஒளியைப் பிடிக்க அதற்கு நூறு மைக்ரோமீட்டருக்கு மேல் தடிமன் வேண்டும். கலப்பின பெரோவ்ஸ்கைட் என்ற படிகப் பொருளுக்கு ஏறக்குறைய ஒரு மைக்ரோமீட்டர் படலமே போதும். கரிம அயனியும் ஈய அயோடைடும் சேர்ந்த கரைசலைப் பூசி, சுமார் 100 டிகிரியில் சூடாக்கினால் படிகம் தானே அமைந்துவிடும். பிளாஸ்டிக் மேலும் பூசலாம்.

ஈயம் மட்டும் இருந்தால் 800 நானோமீட்டரை ஒட்டிப் பார்வை நின்றுவிடும். பாதி ஈயத்தை எடுத்துவிட்டு வெள்ளீயம் சேர்த்தால் 1000வரை நீளும். விந்தை என்னவென்றால், முழுக்க வெள்ளீயமாக்கினால் அவ்வளவு தூரம் போகாது. இரண்டின் கலவை இரண்டையும் மிஞ்சுகிறது!

சிக்கலும் அந்த வெள்ளீயத்தில்தான். காற்றும் ஈரமும் பட்டால் ஆக்சிஜனேற்றமாகிக் கெட்டுவிடும். சிலாங்கூரின் ஈரக்காற்றில் பொதியுறை சிறிது கசிந்தாலும் கருவி போச்சு. சமையல் எண்ணெய் விளையும் மண்ணில் ஈயம் கலந்த படலத்தை ட்ரோனில் பறக்கவிட்டுத் தொலைக்கவும் கூடாது.

ஆகவே இந்த உணரி முதலில் ட்ரோனில் ஏறும் என்று நான் நம்பவில்லை. ஆலையில் குலை இறக்கும் தளத்துக்குப் பொருந்தும்; அங்கே நோயை அல்ல, பழம் பழுத்ததா என்பதைப் பார்க்கலாம். பழம் பழுக்கப் பழுக்க நீர் குறைந்து எண்ணெய் ஏறும். எண்ணெய் 930 நானோமீட்டரை ஒட்டியும், நீர் 970ஐ ஒட்டியும் ஒளியை உறிஞ்சும். இரண்டுமே இந்த ஈய-வெள்ளீயக் கலவையின் எல்லைக்குள். கூரைக்கடியில், இறுக மூடிய பெட்டிக்குள் இருந்தால், பழுதானதும் கழற்றித் திருப்பி அனுப்பிவிடலாம்.