இசையின் முகவரி

நுழையும்முன்

பாடலைக் கேட்டதும் பாடியவரை அறிந்துகொள்கிறோம். அதை எழுதியவர் யார்? உடன் வயலின் வாசித்தவர் யார்? இவ்வினாக்களுக்கு ஒரு காலத்தில் விடை தந்தவை இசைத்தட்டின் உறைகள். அவற்றின் வரலாற்றை அறிவோம்.

துளையிட்ட தாளுறை

1902ஆம் ஆண்டு கல்கத்தாவில் இந்தியக் கலைஞர்களின் குரல்கள் இசைத்தட்டுகளுக்காகப் பதிவு செய்யப்பட்டன. அரக்குக் கலவையால் ஆன அக்காலத் தட்டுகள் நிமிடத்திற்கு ஏறத்தாழ 78 முறை சுழன்றன. 10 அங்குலத் தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிடங்களே ஒலித்தது. அதைக் காத்தது எளிய தாளுறை. உறையின் நடுவில் இருந்த வட்டத் துளையின் வழியே, தட்டில் ஒட்டப்பட்ட விவரச்சீட்டைப் படிக்கலாம். உறையில் நிறுவனத்தின் பெயரும் சின்னமுமே இருந்தமையால், ஒரே உறை எல்லாப் பாடல்களுக்கும் பொருந்தியது. நெடிய இசையைப் பல தட்டுகளில் பதிந்து, நிழற்படத் தொகுப்பேடு போலக் கட்டி விற்றனர். ‘ஆல்பம்’ என்னும் பெயர் இவ்வாறே இசைக்கு வந்தது.

ஓவியம் புகுந்தது

அமெரிக்காவின் கொலம்பியா நிறுவனத்தில் பணியாற்றிய அலெக்ஸ் ஸ்டைன்வைஸ், உறையும் இசையைப் பேச வேண்டும் என எண்ணினார். 1940ஆம் ஆண்டளவில் அவர் வடிவமைத்த ஓவிய உறைகள் புதுவழி காட்டின. 1948இல் அந்நிறுவனம் ‘எல்.பி.’ என்னும் நீண்டநேர இசைத்தட்டை வெளியிட்டது. அதன் நுண்ணிய வரித்தடங்களைக் காக்கத் தடித்த அட்டையுறை தேவைப்பட்டது. ஏறத்தாழ 31 செ.மீ. பக்கமுடைய அச்சதுரம் ஓவியருக்கு நல்ல களமாயிற்று.

தமிழ்த் திரைப்பட இசைத்தட்டுகளின் முன்பக்கத்தை நடிகர்களின் படங்கள் அணிசெய்தன. பின்பக்கம் பாடலாசிரியர், இசையமைப்பாளர், பாடகர் பெயர்களைத் தாங்கியது. கருநாடக இசைத்தட்டுகளின் பின்னட்டை இராகம், தாளம், இயற்றியவர், பக்கவாத்தியக் கலைஞர் ஆகிய விவரங்களைத் தந்தது. முன்பக்கம் கண்ணுக்கு விருந்து. பின்பக்கம் இசை மாணவருக்குப் பாடம்.

சுருங்கிய சதுரம்

1963இல் பிலிப்ஸ் நிறுவனம் ஒலிநாடாப் பேழையை அறிமுகப்படுத்தியது. ‘கேசட்’ எனப்பட்ட அது பின்னர் ஊர்தோறும் பரவியது. மதுராந்தகம் போன்ற ஊர்களின் கடைத்தெருக்களிலும் மக்கள் தந்த பட்டியலின்படி பாடல்களைப் பதிந்து கொடுக்கும் வழக்கம் வந்தது. அங்கே கையெழுத்தே உறையின் வடிவமைப்பு! பாடலின் முதலடியும் படத்தின் பெயரும் அதில் இடம்பெற்றன. எழுதிய கவிஞரின் பெயர் பெரும்பாலும் விடுபட்டது. அடுத்து வந்த குறுந்தகட்டின் உறை, பழைய அட்டையுறையில் ஏழில் ஒரு பங்கே. இன்று திறன்பேசித் திரையில் அது நகத்தளவுப் படமாகிவிட்டது.

தெரியுமா?

சென்னையிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், பழைய திரைப்படப் பாட்டுப் புத்தகங்களையும் நாடக அறிவிப்புகளையும் பாதுகாத்து வருகிறது.

நம் கடமை

ஒரு பாடல் பலரின் உழைப்பு. உறை சிதைந்தால் ஓவியம் மட்டும் அழிவதில்லை. மிருதங்கம் வாசித்தவரின் பெயரும் உடன் மறைகிறது. வீட்டுப் பரணில் பழைய இசைத்தட்டோ ஒலிநாடாவோ கிடைத்தால், உறையின் இருபுறத்தையும் படமெடுத்து, அதிலுள்ள பெயர்களை எழுதி வைப்போம். பாடலைப் போற்றுவது, அதைப் படைத்தோரை மறவாதிருத்தலும் ஆகும்.