ஆடும் கொள்கலனை அடக்கும் கணிதம்

பண்டமாரானை அடுத்துள்ள கிள்ளான் துறைமுகத்தில் கொள்கலன்களை ஏற்றி இறக்கும் பளுதூக்கிகள், எந்திரப் பொறியியல் முதுநிலை மாணவர்கள் பயிலும் உயர்நிலை இயக்கவியலுக்கு மிகச் சிறந்த எடுத்துக்காட்டாகும். பளுதூக்கியின் மேற்கையில் ஓடும் தள்ளுவண்டியிலிருந்து எஃகு வடங்களில் கொள்கலன் தொங்குகிறது. வண்டியின் ஓட்டத்துக்கும் வடத்தின் நீளத்துக்கும் மோட்டார்கள் உண்டெனினும், பக்கவாட்டு ஊசலாட்டத்தை நேராகப் பிடித்து நிறுத்தும் மோட்டார் பொதுவாக இல்லை. இவ்வாறு, அசையக்கூடிய வழிகளைவிட அவற்றை இயக்கும் கருவிகள் குறைவாக உள்ள அமைப்பைக் குறை இயக்க அமைப்பு என்பர்.

இளநிலைப் பாடத்தில் ஒவ்வொரு பாகத்தின்மீதும் செயற்படும் விசைகள் தனித்தனியே எழுதப்படுகையில், வடத்தின் இழுவிசையும் கணக்கினுள் புகுந்துவிடுகிறது. லெக்ராஞ்சி 1788-இல் வெளியிட்ட பகுப்பாய்வு இயக்கவியல் நூலின் வழியோ, வண்டியின் இடம், வடத்தின் சாய்கோணம் ஆகியவற்றை மட்டும் ஆயங்களாகக் கொண்டு, இயக்க ஆற்றலிலிருந்து நிலை ஆற்றலைக் கழித்து, அதிலிருந்தே சமன்பாடுகளை வருவிப்பதால், இழுவிசை தானே மறைந்துவிடுகிறது.

அச்சமன்பாடுகள் கூறுவன வியப்பூட்டுவன. 20 மீட்டர் வடத்தில் தொங்கும் சுமை, 5 டன்னாயினும் 30 டன்னாயினும், சிறிய கோணங்களில் ஏறத்தாழ 9 வினாடிக்கு ஒருமுறை ஆடும். ஆடிக்கொண்டிருக்கும் சுமையை மெல்ல மேலேற்றினால், ஆற்றலை அதிர்வெண்ணால் வகுத்து வரும் கணியம் மாறாதிருப்பதால், வடம் 10 மீட்டராகக் குறையும்போது சாய்கோணம் ஏறத்தாழ 1.7 மடங்காகிறது.

எனினும், ஆட்டத்தை உண்டாக்குவதும் அழிப்பதும் அதே தள்ளுவண்டிதான். ஒரே முடுக்கக் கட்டளையை இரண்டு சம பாதிகளாகப் பிரித்து, இரண்டாம் பாதியை அரை அலைவுக் காலம், அதாவது 20 மீட்டர் வடத்துக்கு 4.5 வினாடி, தாழ்த்திக் கொடுத்தால், முதற்பாதி எழுப்பிய ஆட்டத்தை அது துடைத்துவிடும். 1957-இல் ஓ. ஜே. எம். ஸ்மித் முன்வைத்த இக்கருத்தை, அலைவுக் காலக் கணிப்பு சற்றுப் பிழைத்தாலும் பயன்படுமாறு, மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் சிங்கரும் சீரிங்கும் 1990-இல் விரிவுபடுத்தினர். ஜொகூரின் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பளுதூக்கிக் கட்டுப்பாட்டு முறைகள் குறித்த விரிவான மீளாய்வை 2017-இல் வெளியிட்டமை, இத்துறை மலேசியாவிலும் வேரூன்றியிருப்பதைக் காட்டுகிறது.

காற்று வீச, வடத்தின் நீளமும் இடையிடையே மாற, கட்டளையைப் பிரிக்கும் இந்த எளிய விதி போதாமற்போவதால், பின்னூட்டக் கட்டுப்பாடு தேவையாகிறது. ஆயினும், கை எட்டாத அசைவையும் கை எட்டும் அசைவின் வழியே ஆள முடியும் என்பதே இப்பாடத்தின் சாரம். அதனைக் கற்கும் கிள்ளான் வட்டார மாணவர்க்குத் துறைமுகமே ஆய்வுக்கூடமாக அமையத்தக்கது.