தண்டவாளத்துக்கும் ஜாதகம் உண்டு! பழைய இரும்பு வாங்குவோர் உஷார்!

செங்கல்பட்டு, ஆக. தண்டவாளம்தானே, வெறும் இரும்பு என்று நினைத்து எடைக்கு வாங்கிப் போடுகிறவர்கள் ஜாக்கிரதை! எந்த ஊரில் பிறந்தது, எந்த வருஷம், என்ன எடை என்ற விவரம் எல்லாம் அதன் உடம்பிலேயே எழுதி இருக்கிறது. படிக்கத் தெரியாதவர் கம்பி எண்ண நேரிடும்!

கடல் வழியே வந்த இரும்பு

மாமல்லபுரத்துக்கு ரெயில் கிடையாது. ஆனால் அந்தக் காலத் தண்டவாளம் வந்தது அந்தக் கடல் வழியாகத்தான். ஐரோப்பாவில் இருந்து கிளம்பிய கப்பல் இலங்கையைச் சுற்றி, மாமல்லபுரத்தைத் தாண்டி சென்னைக்கு வரும்.

1856-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி ராயபுரத்தில் இருந்து வாலாஜா ரோட்டுக்குத் தென்னாட்டின் முதல் பயணிகள் ரெயில் ஓடியது. அப்போது சென்னையில் துறைமுகமே இல்லை. கப்பல் நடுக்கடலில் நிற்கும். சரக்கு மசூலா படகில் கரை சேரும்.

எப்படிப் படிப்பது?

தண்டவாளத்துக்குத் தலை, இடுப்பு, பாதம் என்று மூன்று பாகம். எழுத்து இருப்பது இடுப்பில். இரும்பு பழுக்கக் காய்ந்து உருளைக்குள் ஓடும்போதே எழுத்து புடைத்துக்கொண்டு வந்துவிடும்.

‘பாரோ’, ‘கேமல்’ என்று இருந்தால் இங்கிலாந்து சரக்கு. ‘குரூப்’ என்றால் ஜெர்மனி. ‘டிஸ்கோ’ என்றால் நம்ம ஜாம்ஷெட்பூர் டாட்டா ஆலை.

பக்கத்தில் வருஷம். ரோமன் எண் இருந்தால் பெரும்பாலும் அது மாதம். ‘வி’ என்றால் மே, ‘எக்ஸ்’ என்றால் அக்டோபர். ‘90 ஆர்’ என்றால் ஒரு கெஜத்துக்கு 90 பவுண்டு எடை. அதாவது மீட்டருக்குச் சுமார் 44.6 கிலோ. ‘52 கிலோ’ என்று இருந்தால் பிற்காலத்துச் சரக்கு.

துரு மறைக்கிறதா? கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, சாக்பீஸைப் படுக்க வைத்து உரசினால் எழுத்து பளிச்சென்று எழும்பும்.

5 வருஷம் ஜெயில்

இதே எழுத்துதான் திருடனையும் காட்டிக்கொடுக்கும். 1966-ம் ஆண்டு ரெயில்வே சொத்துச் சட்டப்படி, திருட்டுப் பொருள் என்று நியாயமான சந்தேகம் வந்தால், அது நேர்வழியில் வந்தது என்று வைத்திருப்பவர்தான் நிரூபிக்க வேண்டும். “எடைக்குப் போட்டாங்க, வாங்கினேன்” என்றால் எடுபடாது. முதல் தடவைக்கே 5 வருஷம் வரை ஜெயில்!

எழுத்து இருந்தாலே திருட்டு என்று அர்த்தம் இல்லை. ரெயில்வே கழித்த இரும்பை ஏலம் விடுகிறது. வேலித் தூணாக, கூரை உத்தரமாக அது மறுபிறவி எடுக்கிறது. ஏல ரசீது கையில் இருந்தால் பயம் இல்லை. எழுத்தை ராவி அழித்தாலோ, சந்தேகம் இரண்டு மடங்கு ஆகும்!

உலைக்குப் போகும் முன்...

செங்கல்பட்டு வழியாக விழுப்புரம் போன மீட்டர் கேஜ் பாதை இப்போது இல்லை. அந்தக் காலத்துத் துண்டுகளும் உலைக்குப் போனால் எழுத்தும் கரைந்துவிடும். ரசீதோடு வந்த பழைய துண்டு என்றால், வெட்டும் முன் ஒரு போட்டோ எடுத்து வைக்கலாம்.

எழுத்து பார்க்கிறேன் என்று ரெயில் ஓடும் பாதையில் மட்டும் இறங்கக்கூடாது. அது குற்றம், உயிருக்கும் ஆபத்து!