நிலக்கம்பி

மலாயாவில் மின்சாரம் முதன்முதல் பயன்பட்டதாகப் பதிவான ஊர் ரவாங். ஈயச் சுரங்கத்தில் ஊறும் நீரை இறைக்க 1894-இல் அங்கே மின்னாக்கி நிறுவிய இருவருள் ஒருவர் லோக் இயூ. மற்றவர் கோலாலம்பூர் மகாமாரியம்மன் கோயிலைக் கட்டுவித்த தம்புசாமிப் பிள்ளை. இந்நாட்டு மின்சார வரலாற்றின் முதற்பக்கத்திலேயே ஒரு தமிழர் பெயர் இருக்கிறது. ஆயினும் தோட்டத்து லயங்களுக்கு மின்சாரம் வந்துசேர நெடுங்காலம் ஆயிற்று. கிள்ளானில் கன்னாட் பிரிட்ஜ் மின்நிலையம் 1953-இல் திறக்கப்பட்ட பின்னும், பல தோட்டங்களில் மாலை சில மணி நேரமே ஓடும் எந்திரந்தான் விளக்கேற்றியது.

அக்கால மின்கம்பிகளுக்குக் காப்புறை ரப்பர். பால்மரத்தில் நம்மவர் வெட்டி எடுத்த பால், கந்தகம் கலந்து பதப்பட்டு, செம்பைப் போர்த்தும் உறையாகத் திரும்பி வந்தது. வெப்பமும் காற்றிலுள்ள உயிர்வளியும் சேர்ந்து ரப்பரை இறுக வைக்கும். பின்பு தொட்டாலே உதிரும். அடுத்து வந்த பிவிசி உறை மேலானது. எனினும் 70 பாகை செல்சியசுக்கு மேல் நெடுநாள் சூடேறினால் அதன் நெகிழ்ச்சியும் போய்விடும்.

கிள்ளான் வட்டாரத்துப் பழைய பலகை வீடொன்றின் மின்பலகையைத் திறந்து பாருங்கள். கரிபடிந்த பீங்கான் உருகிகள் வரிசையாய் நிற்கும். அவற்றுள் ஒன்றிலேனும் அளவான உருகுகம்பிக்கு மாறாக, ஏதோ ஒரு வயரிலிருந்து பிரித்த செம்பிழை மூன்று நான்காய் முறுக்கிச் செருகப்பட்டிருக்கும். அடிக்கடி ஃபியூஸ் போகிறதென்று யாரோ செய்த வைத்தியம் அது. உருகி எரிவதே அதன் கடமை. எரியாத உருகி வீட்டையே எரித்துவிடும்.

ஏன் அடிக்கடி போயிற்று என்பதற்குக் கணக்கு இருக்கிறது. நான்கு 60 வாட் விளக்கும் ஒரு மின்விசிறியும் ஏறத்தாழ 315 வாட். மின்னழுத்தம் 230 வோல்ட்டானால் ஓடும் மின்னோட்டம் 1.4 ஆம்பியர். இன்று அதே வீட்டில் 3,600 வாட் நீர்ச்சூடேற்றி மட்டும் 15.7 ஆம்பியர் இழுக்கிறது. கெண்டி, குளிர்சாதனம், சோற்றுப்பானை ஆகியவை வேறு. கம்பியில் பிறக்கும் வெப்பம் மின்னோட்டத்தின் இருபடியாக ஏறும். மின்னோட்டம் இரட்டித்தால் வெப்பம் நான்கு மடங்கு. சாமி மேடைக்குப் பின்னே ஒரே செருகுவாயில் மூன்று நீட்டிப்புகளைத் தொடுத்து, இரவும் பகலும் சிவப்பு விளக்கெரிக்கும் வழக்கம் பிரிக்ஃபீல்ட்ஸ் அடுக்ககங்களிலும் உண்டு. அந்தச் செருகுவாயை ஒருமுறை கையால் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடாக இருந்தாலும் அது எச்சரிக்கையே.

இத்தனையும் தீயைப் பற்றிய பேச்சு. உயிரைப் பற்றிய பேச்சு வேறு. உருகியும் அதன் இன்றைய வடிவமான தானியங்கி முறிப்பானும் கம்பியைக் காக்கவே அமைந்தவை. ஈரக்கையின் வழியே உடல் ஏறத்தாழ 1,000 ஓம் தடை தரும் எனக் கொண்டால், 230 வோல்ட் அதன் வழியே 230 மில்லி ஆம்பியரைச் செலுத்தும். இதயத்தின் சீரான துடிப்பைக் குலைக்க அது போதும். ஆனால் 30 ஆம்பியர் உருகிக்கு அப்படியொன்று நிகழ்ந்ததே தெரியாது. கலிபோர்னியாப் பேராசிரியர் சார்லஸ் டால்சீல் தன்னார்வலர்களைக் கொண்டு ஆராய்ந்தபோது, பற்றிய கம்பியைத் தாமே விடக்கூடிய எல்லை ஆடவருக்குச் சராசரி 16 மில்லி ஆம்பியர், பெண்டிருக்கு 10.5 எனக் கண்டார்.

இங்கேதான் கருவியின் உலோக உடலை மண்ணோடு இணைக்கும் நிலக்கம்பியின் இன்றியமையாமை விளங்கும். மலேசியாவில் மின்மாற்றிக்கு ஒரு நிலத்தொடுப்பு, வீட்டுக்கு அதன் சொந்த நிலத்தொடுப்பு என்பதே முறை. மண்ணில் அடித்த வீட்டு முளையின் தடை 10 ஓம், மாற்றியருகே 1 ஓம் என்று வையுங்கள். சலவை எந்திரத்தின் இரும்புடலில் மின்கம்பி பட்டுவிட்டால் ஓடுவது 230-ஐ 11-ஆல் வகுத்த 21 ஆம்பியர். 30 ஆம்பியர் உருகி அசையாது. எந்திரத்தின் உடலோ 209 வோல்ட்டில் நிற்கும்! ஆகவே நிலக்கம்பி மட்டும் போதாது. கசிவைக் கண்டு இணைப்பை அறுக்கும் கருவியும் வேண்டும். அதைத்தான் நாம் இ.எல்.சி.பி. என்கிறோம்.

அதன் அமைப்பு எளிது. போகும் கம்பியும் திரும்பும் கம்பியும் ஓர் இரும்பு வளையத்தின் ஊடே செல்கின்றன. போனதும் வந்ததும் சமமானால் காந்தப்புலங்கள் ஒன்றையொன்று அழிக்கும். ஒரு பகுதி மண்ணுக்குக் கசிந்தால் புலம் மிஞ்சும்; அது தூண்டும் மின்னழுத்தம் விசையை விடுவிக்கும். 30 மில்லி ஆம்பியர்க் கருவி, அதன் ஐந்து மடங்குக் கசிவை 40 மில்லி நொடிக்குள் அறுக்க வேண்டும். அது இதயத்துடிப்பொன்றின் இருபதில் ஒரு பங்கு நேரம். நிலக்கம்பி செம்மையாக இருந்தால் மனிதர் தொடுமுன்னரே இணைப்பு அறும். நிலக்கம்பி இல்லாத வீட்டில் ஒருவர் தொட்ட பிறகே அறும். ஒருவர் இரு கம்பிகளையும் ஒருசேரப் பற்றினால் மட்டும் இக்கருவி உதவாது.

1994-ஆம் ஆண்டு மின்சார ஒழுங்குவிதிகள் கையில் பிடிக்கும் கருவிகளுக்கு 30 மில்லி ஆம்பியர், ஈரத்தரைக்கு 10, ஏனையவற்றுக்கு 100 என வகுத்துள்ளன. அப்படியிருந்தும் பழைய வீடுகள் சிலவற்றில் இக்கருவி இருந்தும் இல்லாத நிலை. காரணம் இடி. கிள்ளான் பள்ளத்தாக்கில் ஆண்டுக்கு ஏறத்தாழ 200 நாள் இடி இடிக்கும். மின்னல் எழுப்பும் அலை மண்ணுக்குப் பாயும்போது கருவி அதையும் கசிவெனக் கொண்டு விழுந்துவிடும். வீட்டார் வெளியூரில் இருந்தால் குளிர்பெட்டியிலுள்ள மீனெல்லாம் கெடும். சினம் மிகுந்து, இரண்டு துண்டுக் கம்பியால் கருவியைச் சுற்றிக் குறுக்குவழி அமைத்துவிடுவார்கள். இதைக் காட்டிலும் பெரிய மடமை வீட்டு மின்சாரத்தில் இல்லை. இடி அலையைக் கருவிக்கு முன்னரே மண்ணுக்குத் திருப்பும் காப்புக்கருவியைப் பொருத்தலாம். குளிர்பெட்டிக்குத் தனிக் கசிவுக்கருவி வைக்கலாம்.

இன்னொரு கேடு கண்ணுக்குத் தெரியாதது. பழைய வீடுகள் சிலவற்றில் நிலக்கம்பியை இரும்புத் தண்ணீர்க் குழாயோடு கட்டிவிடுவார்கள். பின்னாளில் அக்குழாயை மாற்றி நெகிழிக்குழாய் பதித்தால் நிலத்தொடுப்பு அன்றே அறுந்துபோகும். விளக்கெல்லாம் வழக்கம்போல் எரியும்; சோதித்தால்தான் குறை தெரியும். 2021 திசம்பர் வெள்ளத்தில் தாமான் ஸ்ரீ மூடாவில் நேர்ந்ததைப் போல் நீர் ஏறி இறங்கிய வீடாயின், சோதிக்காமல் முதன்மை விசையைப் போடவே கூடாது.

கைப்பொருள் குறைந்தவர் முழு வீட்டையும் ஒரேயடியாய் மாற்ற வேண்டியதில்லை. முதலில் நிலமுளையும் கசிவுக்கருவியும், அடுத்துக் குளியலறை, பிறகு உறை உதிரும் கம்பிகள். தோட்டத்து வீட்டில் குடியிருப்பவர், போதிய மின்வசதி தருவதை 1990-ஆம் ஆண்டுத் தொழிலாளர் வீட்டு வசதிச் சட்டம் முதலாளியின் கடமையாக்கியிருப்பதை நினைவிற்கொள்க. வேலையை எரிசக்தி ஆணையத்தில் பதிவுபெற்ற மின்குத்தகையாளரிடமே ஒப்படையுங்கள். 500 வோல்ட்டில் காப்புத்தடையைச் சோதித்துக் காட்டச் சொல்லுங்கள். ஒரு மெகா ஓமுக்குக் குறைந்தால் ஏற்காதீர்கள். கடைசித் தவணைப் பணத்தைக் கொடுக்குமுன், நிறைவுச் சான்றான படிவம் ‘ஜி’யையும் சோதனைச் சான்றான படிவம் ‘எச்’சையும் கையெழுத்தோடு கேட்டு வாங்குங்கள்.